சுமந்து செல்ல முடியாத வீடு

இடம்பெயர்ந்தோரின் துணிக்கலை குறித்து இன்று எழுதப்படும் விமரிசனங்களிலும் கண்காட்சிக் கையேடுகளிலும் ஒரே கருத்து ஏறத்தாழ மறுப்பின்றி நிலைபெற்றிருக்கிறது. நெசவு, பூத்தையல், ஒட்டுத்தையல், பின்னல், முடிச்சு ஆகிய கைவேலைகளை ஊடகமாகக் கொண்ட படைப்புகளையே துணிக்கலை என்ற பெயர் குறிக்கிறது. துணி மடிக்கத்தக்கது, இலேசானது, எல்லைகளைத் தடையின்றிக் கடப்பது என்பதால், வீட்டை இழந்தவர் அந்த வீட்டைத் துணியில் தைத்துப் போகுமிடமெல்லாம் கொண்டுசெல்கிறார் என்றும், வீடு நிலத்தைவிட நினைவிலேயே உறுதியாக இருக்கிறது என்றும், தைக்கும் செயலே இழப்பின் காயத்தை ஆற்றிவிடுகிறது என்றும் அக்கருத்து கூறுகிறது. கேட்பதற்கு இதமான கருத்து இது. இழந்தவருக்கு ஆறுதல் தருகிறது, பார்ப்பவரைச் சங்கடப்படுத்துவதும் இல்லை. ஆயினும், இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை மாவட்டத்து இறக்கக்கண்டியை முன்வைத்துச் சோதித்தால் அது நிற்காது. அங்கே துணியும் வலையும் தறப்பாளும் காட்டுவது, வீட்டில் எவை எவை சுமந்து செல்ல முடியாதவை என்பதையே.

நிலவும் கருத்துக்குத் தலைசிறந்த சான்றாகக் கொரியக் கலைஞர் டோ ஹோ சூ 1999இல் செய்த ‘சியோல் வீடு’ காட்டப்படுவது வழக்கம். தம் பெற்றோர் வாழ்ந்த மரபுவழி வீட்டை அளந்து, ஒளி ஊடுருவும் பச்சைப் பட்டில் அதன் முழு அளவிலேயே தைத்து, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் அதைத் தொங்கவிட்டார். பிறகு எந்தெந்த நகரில் அது காட்டப்பட்டதோ அந்தந்த நகரின் பெயரும் தலைப்பில் சேர்ந்துகொண்டது. அவருடைய நாட்டவரான கிம்சூஜா, கொரிய மரபில் பொட்டாரி எனப்படும் துணிமூட்டைகளை 1997இல் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு தம் நாட்டைச் சுற்றிவந்தார். இரண்டும் உயர்ந்த படைப்புகள்; அவற்றின் நேர்மையில் ஐயத்துக்கு இடமில்லை. அவற்றிலிருந்து ஒரு பொதுவிதியைச் சமைத்ததே பிழை. பட்டு வீடு தைக்கப்பட்ட நாளில் அதன் மூலவீடு சியோலில் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் நுழையச் சூ எந்தப் படையினரிடமும் அனுமதி பெற வேண்டியிருக்கவில்லை, அது தம்முடையது என்று எந்த அலுவலகத்திலும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. சாளரத்தின் அகலத்தையும் உத்திரத்தின் நீளத்தையும் நாடாவால் அளக்க முடிந்ததே வீடு அங்கே இருந்ததால்தான். பறிபோகாத வீட்டை உடையவரே அதைச் சுமந்து செல்வதைப் பற்றி அமைதியாகச் சிந்திக்க இயலும். பறிகொடுத்தவருக்கும் அதையே விதியாக்குவது, ஒருவருடைய வசதியை மற்றவருடைய தத்துவமாக மாற்றுவதாகும்.

இறக்கக்கண்டி, நிலாவெளிக்கு வடக்கே, திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த மீனவ ஊர். குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. முஸ்லிம்களும் தமிழரும் வாழும் இக்கரையோரம் போர்க்காலத்தில் ஒருமுறைக்கு மேல் இடம்பெயர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையாலும் அழிந்தது. இங்கிருந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்களும், அங்கிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன உறவினரும் இம்மாவட்டத்தில் உண்டு. ஆனால் இழந்த வளவிலிருந்து சில மைல் தொலைவில், அதன் தென்னைகளைக் கண்ணால் பார்த்தபடியே முகாமில் ஆண்டுகளைக் கழித்தவர்களும் இதே மாவட்டத்தில் உண்டு. கடலைக் கடந்தவரையே மனத்தில் வைத்து எழுதப்பட்ட கோட்பாட்டில் இந்த இரண்டாமவருக்கு இடமே இல்லை. அவரிடம் நினைவு மங்கவில்லை, தொலைவும் பெரிதன்று. அவருக்கும் வளவுக்கும் இடையே இருந்தது ஒரு வேலி.

இக்கரையின் மிகப் பெரிய துணி, கரைவலை. தோணியில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்து விட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரு அணியாக மனிதர்கள் இழுக்கும் வலை அது. இரு பக்கமும் அகன்ற கண்களை உடையதாய், நடுவே மீன் சேரும் மடிப் பகுதியில் கண் சிறுத்து நெருக்கமாய் அமைவது. அது கிழிந்தால் கிழிந்த இடத்தை அப்படியே இழுத்துக் கட்டிவிட முடியாது. சிதைந்த கண்களை முழு முடிச்சு வரும்வரை வெட்டி நீக்கி, ஓட்டையை முதலில் பெரிதாக்கி, நேரான விளிம்பு கிடைத்த பிறகே வலையூசியால் கண் கண்ணாக முடிச்சிட்டு நிரப்ப வேண்டும். புதிய கண் பழைய கண்ணின் அளவிலிருந்து சற்று மாறினாலும் இழுக்கும்போது பாரம் ஓரிடத்தில் குவிந்து மறுபடி அங்கேயே கிழியும். இழப்பை ஒட்டுப்போட்டு மூடுவதே தையல் என்று எழுதுவோர் வலை பொத்தும் இடத்தில் அரைநாள் அமர்ந்திருந்தால், சேதத்தின் முழு எல்லையையும் அளந்து பார்க்காமல் பழுதுபார்ப்பு தொடங்குவதே இல்லை என்பதைக் கண்டிருப்பார்கள்.

கரைவலை எங்கும் விரிக்கத்தக்கதன்று என்பதே இங்கு முதன்மையானது. அதை வளைப்பதற்கு உரிய, அடியில் பாறையற்ற, மணல் சரிவு இசைந்த ஒரு குறிப்பிட்ட கரைத்துண்டு வேண்டும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு மரபாலும் அனுமதிப்பத்திரத்தாலும் வரையறுக்கப்பட்டது. எந்தப் பாட்டில் எவர் எந்த முறையில் வலை வளைப்பார் என்பது கரையோரத்தார் அனைவரும் அறிந்த ஒழுங்கு. இடம்பெயரும் குடும்பம் வலையைச் சுருட்டி வண்டியில் ஏற்றலாம், வேண்டுமானால் தோணியையும் கட்டி இழுத்துச் செல்லலாம். பாட்டை ஏற்றிச் செல்ல எந்த வண்டியும் இல்லை. பாடு போனபின் வலை வெறும் நைலோன் குவியல். போர் முடிந்து வடக்கே கொக்கிளாய், நாயாறு கரைகளுக்குத் திரும்பியோர், தம் கரைகளில் வேறு வலைகள் இழுக்கப்படுவதைக் கண்டு எழுப்பிய முறைப்பாடுகள் இன்றும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. மேற்குக் கரை மீனவர் பருவம்தோறும் கிழக்குக்கு வருவதும் பழைய வழக்கமே என்பதால் அவர்கள் பக்கமும் கேட்கத் தகுந்தது. வலை யாருடையது என்பதில் அங்கே எவருக்கும் சச்சரவு இல்லை, பாடு யாருடையது என்பதிலேயே சச்சரவு என்பது மட்டும் இங்கு கவனிக்க வேண்டியது.

வீடு நினைவில்தான் இருக்கிறது என்ற கூற்று, கலைக்கூடத்துக்கு வெளியே வந்தவுடன் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் பார்த்தாக வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரத்தில் கட்டடத் தடை வலயம் அறிவிக்கப்பட்டபோது, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று அளவு வகுக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், இடைப்பட்ட காலத்தில் உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட வீடுகளைக் காட்டி, வீடுதானே வேண்டும், கிடைத்துவிட்டதே என்று மீனவரிடம் சொல்லப்பட்டது. கொட்டியாரக் குடாவின் மறுகரையில் சம்பூர் மக்கள் 2006இல் துரத்தப்பட்டு, 2007இல் அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோதும் இதே குரலே கேட்டது. வேறிடத்தில் மாற்றுக் காணி தரப்படும், அங்கே புதிய வாழ்வைத் தொடங்கலாம் என்று ஆசை காட்டப்பட்டது. பெரும்பாலோர் மறுத்தனர். கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களின் வெயிலையும் புழுதியையும் ஏற்றுக்கொண்டு, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து, 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்ட பிறகு, பற்றைக்காடாகிக் கிடந்த வளவுகளுக்கு அவர்கள் திரும்பினர். அந்த ஒன்பது ஆண்டுகளின் மறுப்பில் வீட்டைப் பற்றிய ஒரு முழுக் கோட்பாடு இருக்கிறது. எந்தக் கண்காட்சிக் கையேட்டையும்விட அது கூர்மையானது, ஏனெனில் அதற்கு அவர்கள் தம் உடலால் விலை கொடுத்திருக்கிறார்கள்.

முகாம் வாழ்வின் துணி, தறப்பாள். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகம் வழங்கும் தறப்பாளின் நியம அளவு 4 மீற்றருக்கு 5 மீற்றர். பொலித்தீன் இழைகளைப் பாவும் ஊடுமாக நெய்து இருபுறமும் மெழுகுபோல் பூசி ஆக்கப்படுவதால் அதுவும் நெசவுத் துணியே. மனிதாபிமான உதவிக்கான பன்னாட்டு நியமங்கள் ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கூரையிட்ட இடம் வேண்டும் என்கின்றன. ஐந்து பேருக்கு அது ஏறத்தாழ ஒரு தறப்பாளின் பரப்பு. இக்கணக்கில் அடுப்புக்கும் கிணற்றுக்கும் இடம் இல்லை, மகளின் திருமணத்துக்கும் இடம் இல்லை. தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த மற்றொரு துணி ஏணை: பழைய நூல்சீலையைக் கூரையின் வளையில் முடிந்து குழந்தையைக் கிடத்தும் தூளி. கல்வீட்டிலும் ஓலைவீட்டிலும் ஏணைக்கு என்று ஒரு வளை உண்டு, தாயையும் மகளையும் பேத்தியையும் அடுத்தடுத்துத் தாங்கி முடிச்சு விழுந்த இடம் வழவழப்பாகத் தேய்ந்த வளை. கொட்டிலின் கம்புச் சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்காது என்பதால் வெளியே மரக்கிளையில் ஏணை கட்ட வேண்டியிருந்தது. சீலை கூடவே வந்தது; வளை வரவில்லை. துணியைப் பற்றிப் பேசும் கோட்பாடு அந்த வளையைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டது.

துணிக்கலையைப் பெண்ணின் ஏக்கத்தோடும் ஆற்றுப்படுத்தலோடும் பிணைக்கும் வழக்கம் கிழக்குக் கரையில் இன்னும் பெரிய பிழையாகிறது. இக்கரையோரச் சமூகங்களில், தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், வீடு சீதனமாகப் பெண்ணுக்கே செல்வது நெடுங்கால மரபு; திருமணத்தின் பின் கணவனே மனைவியின் வீட்டில் குடிபுகுவான். எனவே இங்கு ஒரு பெண் வீட்டைத் தைக்கிறாள் என்றால், பெரும்பாலும் உடைமைக்காரியே தன் உடைமையைத் தைக்கிறாள் என்று பொருள். அப்படியிருக்க, ஆழிப்பேரலைக்குப் பிந்திய வீட்டுத் திட்டங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற நிர்வாகச் சொல்லின் துணையோடு, தாயின் பெயரில் இருந்த வீடுகளுக்கு ஈடாகக் கட்டப்பட்டவை கணவரின் பெயருக்கு மாறியதைப் பெண்கள் அமைப்புகள் அன்றே சுட்டிக்காட்டின. அரச காணிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, வாரிசு வரிசையில் மகனை மகளுக்கு முன் நிறுத்தியது. 2022இல் திருத்தம் வரும்வரை, 87 ஆண்டுகள், அந்த வரிசை சட்டப் புத்தகத்தில் இருந்தது. இந்தப் பின்னணியில் ஒரு கிழக்குப் பெண் துணியில் நூலோட்டி வரையும் வாசற்படியும் கிணற்றுக்கட்டும், அவளிடமிருந்து எழுத்தில் எடுக்கப்பட்டவற்றின் பதிவாகும். அதை மனக்காயத்தின் வெளிப்பாடு என்று மட்டும் வாசிப்பது, உரிமை வழக்கு ஒன்றை மருத்துவக் குறிப்பாக மாற்றி எழுதுவதற்குச் சமம். தையல் மனத்துக்கு ஆறுதல் தரக்கூடும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆறுதல் கிடைத்துவிட்டது என்பதைக் காட்டிக் காணி உறுதி கேட்பவரின் வாயை அடைப்பதே கண்டிக்கத்தக்கது.

இலங்கைத் தமிழ்க் கலைஞர்களின் படைப்புகளே இந்த மாற்று வாசிப்புக்கு வழிகாட்டுகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலுக்குத் தோம்பு என்ற சொல்லையே தலைப்பில் வைத்தார். தோம்பு என்பது போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாக எண்பது பேர், தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தந்தனர். அவற்றைக் கட்டடக் கலைஞரின் முறையான வரைபடமும் சனாதனனின் ஓவியமும் பின்தொடர, முழுதும் அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் அமைந்தது. அது தாளில் ஆனது, துணியில் ஆனதன்று. ஆயினும் இங்கு அதைக் கருதாமல் விட முடியாது, ஏனெனில் இடம்பெயர்ந்தவரிடம் வீட்டைக் கேட்டால் அவர் எதைத் தருகிறார் என்பதற்கு அது தெளிவான விடை: சமையலறை எந்தப் பக்கம், கிணறு எங்கே, வேலிக்கு அப்பால் யார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வீடுகளும் தமிழரின் வீடுகளும் ஒரே பதிவேட்டில் இடம்பெறுவது, ஏக்கத்தின் மொழியில் எளிதில் கைகூடாத நீதி.

கண்டியில் பிறந்து யாழ்ப்பாணத்தில் நுண்கலை பயின்ற ஹேமா ஷிரோனி, துணியில் ஊசியும் நூலும் கொண்டு வீடு, இடம்பெயர்வு, மொழி ஆகியவற்றை ஆராய்பவர். அவர் போன்றோரின் படைப்புகளை மலையகத் தமிழர் வரலாற்றோடு சேர்த்து வாசிக்கும்போது நிலவும் கருத்து மேலும் தடுமாறுகிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட மக்கள் அவர்கள். தோட்ட லயத்து அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தும் பெரும்பாலும் ஒரு பேர்ச் நிலத்துக்குக்கூட உறுதி பெறாத அவர்களிடம், வீடு நிலத்தில் இல்லை என்று சொல்வது புதிய செய்தியாகாது. தோட்ட நிர்வாகங்கள் அதை நெடுங்காலம் சொல்லிவந்திருக்கின்றன.

இது தமிழரிடத்து மட்டும் காணப்படும் நிலையன்று. 1948க்கு முந்திய பாலத்தீனத்தில் ஒரு பெண்ணின் உடுப்பிலுள்ள பூத்தையலைக் கண்டே அவள் ஊரை அடையாளம் சொல்ல முடிந்தது. யுனெஸ்கோ 2021இல் தன் பட்டியலில் சேர்த்த அந்தத் தையல் மரபு, ஊர்ப்பெயர்களின் அகராதியாக இருந்தது. 1987இல் தொடங்கிய எழுச்சியின்போது, கொடியேற்றல் தடைசெய்யப்பட்டிருந்த நிலையில், பெண்கள் கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் உடுப்பிலேயே தைத்தனர். 1975க்குப் பின் லாவோசிலிருந்து தப்பித் தாய்லாந்தின் பான் வினாய் முகாமை அடைந்த மொங் இனத்தார் தைத்த கதைத்துணிகளிலும், விட்டுவந்த மலையூரும், குண்டு வீசிய விமானமும், கடந்துவந்த மேக்கொங் ஆறும் வரிசை பிறழாமல் இடம்பெறுகின்றன. யார் வந்தார், எதை அழித்தார், எவ்வழியே ஓடினோம் என்று சொல்லும் துணி வாக்குமூலம். அதில் கனவின் மங்கல் குறைவு, முகவரியின் துல்லியம் மிகுதி.

இதற்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, டொரொன்டோவிலோ இலண்டனிலோ பிறந்து, நிலாவெளிக் கரையை ஒருமுறையும் மிதிக்காமல், பேர்த்தி என்ற உறவால் மட்டும் ஒரு சீலையை வாங்கிக்கொண்ட தலைமுறையைப் பற்றியது. அந்தப் பேர்த்திக்குத் திரும்பும் எண்ணம் இல்லை, காணி வழக்கும் இல்லை. அவள் தைப்பது நினைவின் நினைவையே. இது உண்மை, அப்படைப்புக்குத் தன்னளவில் முழு மதிப்பு உண்டு. ஆனால் அவள் அனுபவத்தைக் குச்சவெளிப் பிரிவின் மீது போர்த்த முடியாது. இதே பிரிவின் வட எல்லையில் உள்ள தென்னமரவடி மக்கள் 1984 டிசம்பரில் வெளியேற்றப்பட்டு, கால் நூற்றாண்டு முல்லைத்தீவுப் பக்கம் வாழ்ந்து, போர் முடிந்த பின்னரே திரும்பத் தொடங்கினர். அவர்களுள் இளையோர் அந்த ஊரைக் கண்டதே இல்லை. கண்டிராத நிலத்துக்கும் அவர்கள் திரும்பினார்கள் என்பது, தலைமுறை மாறினால் வீடு தானாகவே நினைவுப்பொருளாகிவிடும் என்ற ஊகத்தை மறுக்கிறது.

இரண்டாவது தடை கனமானது. துணிக்கலையை நிலத்தின் மீதான உரிமைக் கோரிக்கையாக வாசித்தால், முஸ்லிம், தமிழர், சிங்களவர் என மூவரும் ஒரே கரைக்கு உரிமை சொல்லும் திருகோணமலையில் அது பகைமைக்கு எண்ணெய் வார்க்காதா என்ற கேள்வி அது. கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்ட பிறகு நில அச்சம் கூர்மையடைந்துள்ள மாவட்டத்தில் இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். ஒரு வளவுக்கு நான்கு எல்லை உண்டு. ஒரு பாட்டுக்கு இரு முனை உண்டு. கிணற்றுக்கு ஆழம் உண்டு. அளவுள்ள கோரிக்கையை அயலவரோடு அமர்ந்து பேசலாம், கிராம சேவையாளர் முன் நிறுவலாம், நீதிமன்றத்தில் தோற்கவும் செய்யலாம். நிலத்திலிருந்து பிரித்து நினைவில் ஏற்றப்பட்ட வீடோ எல்லையற்றது. அது ஆண்டுதோறும் வளர்ந்து தாயகமாகி, பொற்காலமாகி, அங்கே அயலவர் என்று ஒருவரும் இருந்திராத தூய நாடாகிவிடுகிறது. இத்தீவின் எல்லாத் தரப்புப் பேரினவாதங்களும் அத்தகைய அளவில்லா வீடுகளிலிருந்தே வலுப்பெற்றன. இறக்கக்கண்டியில் தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் தத்தம் வளவை உண்மையாக வரைந்து தைத்தால், ஒருவரது துணியின் ஓரத்தில் மற்றவரது வேலி வந்தே தீரும்.

ஆகவே மாற வேண்டியது காட்சிப்படுத்தும் முறையும் எழுதும் முறையும். ‘இலங்கைத் தமிழர், இழந்த வீட்டின் நினைவு, பருத்தித் துணியும் நூலும்’ என்ற விளக்கச்சீட்டு போதாது. எந்த ஊர், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, வெளியேறியது எந்த ஆண்டு, வெளியேற்றியது யார், அந்த வளவு இன்று யார் கையில் இருக்கிறது, உறுதியா அனுமதிப்பத்திரமா, அது யார் பெயரில் என்பவை, தைத்தவர் விரும்பும் அளவுக்கு, அந்தச் சீட்டில் இடம்பெற வேண்டும். கொழும்பிலும் இலண்டனிலும் காட்டப்படும் துணி, குச்சவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு பாடசாலை மண்டபத்திலும் காட்டப்பட வேண்டும். அங்கே வருவோர், கிணறு வாசலுக்கு இடப்புறம் இருந்தது, வலப்புறம் தைத்திருக்கிறீர்கள் என்று திருத்தக்கூடும், அந்தத் திருத்தமும் படைப்போடு பதிவாக வேண்டும். விமரிசகர்கள் நூலின் இழையமைப்பையும் நிறச் சேர்க்கையையும் குறித்து எழுதும் அதே கவனத்தோடு, 200 மீற்றர் வலயத்தையும் 818 ஏக்கரையும் வாரிசு வரிசையையும் குறித்து எழுதக் கற்க வேண்டும். படைப்பாளிகள் அவற்றை ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள்.